நாற்பது கற்களும் ஒரு மூக்கும்

ஒரு காட்டில், பிள்ளைகளே, கோடை வந்தால் முதலில் ஓடை வற்றும். அதற்கப்புறம் எல்லோருடைய பொறுமையும் வற்றும். அந்த வருடம் இரண்டும் சீக்கிரமே வற்றிவிட்டன. கல்மடு ஒன்றில்தான் தண்ணீர் மிச்சமிருந்தது.

கல்மடுவின் ஒரு பக்கத்தில் ஆழம், நிழல், தெளிந்த தண்ணீர். மறுபக்கத்தில் முழங்கால் அளவு சேறு. அரசர் புலி ஆழமான பக்கத்தைச் சுற்றி முள்வேலி போடச் சொல்லிவிட்டார். "இது அரண்மனைக்கு. மற்றவர்களுக்குத்தான் அந்தப் பக்கம் இருக்கிறதே!" என்றார். இருந்தது, உண்மைதான். குடித்தால் வயிறு கலங்கும், அவ்வளவுதான்.

கடமான் மருதிக்கு, பிறந்து இருபது நாளே ஆன கன்று இருந்தது. சேற்றைக் குடித்தால் தாய்க்குப் பால் எங்கிருந்து ஊறும்? மருதி பிடிவாதக்காரி. மடுவுக்குப் போகும் ஒற்றைப் பாதையில் போய்க் குறுக்கே படுத்துக்கொண்டாள்.

"வேலியை எடுங்க, நான் எந்திரிக்கிறேன்" என்றாள்.

மறுநாள் பார்த்தால் அவளையும் சேர்த்து நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மான்கள், பன்றிகள், முயல்கள், மயில்கள், மூச்சு வாங்க வந்து சேர்ந்த ஓர் ஆமை. மேலே அத்திமரத்தில் தொங்கன் என்ற குரங்கு பழம் தின்றுகொண்டே, "மடு எல்லாருக்கும்!" என்று கூவினான். அவன் நாற்பதில் சேர்த்தி இல்லை. சும்மா இருக்கத் தெரியாத கை கால்களோடு வேடிக்கை பார்க்க வந்தவன்.

காடு இரண்டாகப் பிரிந்து பேசியது. "தண்ணி கேக்கறது குத்தமா?" என்றார்கள் சிலர். "வழியை மறிக்கிறது மட்டும் நியாயமா?" என்றார்கள் வேறு சிலர். முள்ளம்பன்றி ஊசியனின் மனைவி வளையில் பிரசவமாகிக் கிடந்தாள். அவன் சுரைக்குடுவையைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்து, வழியில்லாமல் திரும்பிப் போனான். அவனுக்கு வந்த கோபமும் பொய்க்கோபம் அல்ல.

வழியைக் காக்க முப்பது செந்நாய்கள் அனுப்பப்பட்டன. நம் செம்பி அந்தப் படையில்தான் இருந்தாள்.

செம்பி கண்ணால் பார்த்ததைக்கூட மறந்துவிடுவாள். மூக்கால் முகர்ந்ததை மறக்கவே மாட்டாள். படையிலேயே கெட்டி மூக்கு அவளுடையது. அவள் கணவன் கருவாலன் எப்போதும் அவளுக்குப் பக்கத்தில்தான் நிற்பான். அன்றும் அப்படித்தான் நின்றான்.

மூன்றாம் நாள் உச்சிவேளையில் படைத்தலைவன் கூர்ச்செவியன் உத்தரவு போட்டான். "வழி விடச் சொல்லுங்க. விடலைன்னா தள்ளுங்க."

தள்ளினார்கள். நாற்பது பேரும் ஒருவரை ஒருவர் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரே புழுதி. யாரோ அழுதார்கள், யாரோ சிரித்தார்கள். அந்தப் புழுதிக்குள்ளிருந்து ஒரு கல் பறந்து வந்தது.

ஒரே ஒரு கல். அது கருவாலனின் இடது கண்ணில் பட்டது.

அவன் அலறிய அலறலைக் கேட்ட பிறகு படையை யாராலும் நிறுத்த முடியவில்லை. செந்நாய்கள் பாய்ந்தன. செம்பியும் பாய்ந்தாள். எதிரே வந்த முயலின் காலைப் பிடித்து எலும்பு நறுக்கென்று முறியும் சத்தம் கேட்கும்வரை கடித்தாள். பொழுது சாய்வதற்குள் நாற்பது பேரும் பிடிபட்டு, புல்வெளியின் நடுவே வளையம் கட்டி அடைக்கப்பட்டார்கள்.

ஈச்சம்புதரின் நிழலில் கருவாலன் படுத்திருந்தான். செம்பி அவன் முகத்தில் வழிந்ததை நக்கித் துடைத்தாள். அந்தக் கண் போய்விட்டது என்று அவள் நாக்குக்கே தெரிந்தது. அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"நாப்பது பேரையும் சும்மா விடமாட்டேங்க" என்றாள்.

"நாப்பது பேரா எறிஞ்சாங்க?" என்றான் கருவாலன். பேசவே அவனுக்கு வலித்தது. "ஒருத்தன்தானே எறிஞ்சான். அவன் யாருன்னு எனக்குத் தெரியணும் செம்பி. இருக்கிற ஒரு கண்ணால அவன் மூஞ்சியை நான் பாக்கணும். வேற எதுவும் வேண்டாம்."

"பாப்பீங்க. நான் கொண்டுவந்து நிறுத்துறேன்" என்றாள் செம்பி.

மறுநாள் காலையில் நரி நெடுநாவன் வந்தான். அரசர் தரப்பில் வழக்கு நடத்துபவன் அவன்தான். நாக்கு எவ்வளவு வேண்டுமானாலும் வளையும். ஆனால் அன்று அவன் தாடை வீங்கியிருந்தது. கேட்டால் பல்வலி என்றான். பக்கத்தில் கூர்ச்செவியன் விறைப்பாக நின்றான்.

"செம்பி, நாளைக்கு நீ மூக்குச் சாட்சி சொல்லணும்" என்றான் நரி.

அந்தக் காட்டு நீதிமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு, பிள்ளைகளே. கண்ணால் கண்ட சாட்சியைவிட மூக்குச் சாட்சிக்குத்தான் மதிப்பு அதிகம். ஒரு செந்நாய் தடயத்தை முகர்ந்துவிட்டு யார் முன்னால் போய் உட்காருகிறதோ, அவர்தான் குற்றவாளி. அந்தக் குற்றத்தை அதற்குப் பிறகு யாரும் மறுபடி கிளறக் கூடாது. முகரத் தொடங்கிவிட்டால் முடியும்வரை அரசரே வந்தாலும் நடுவில் நிறுத்தவும் கூடாது.

"நீ மெனக்கெட வேண்டாம்" என்றான் நரி. "கல்லெல்லாம் குவிச்சு வச்சிருப்பேன். ஒரு தடவை சும்மா முகர்ந்துட்டு நேரா மருதி முன்னாடி போய் உட்காரு. அவதானே கூட்டத்துக்குத் தலைவி? அவ மாட்டினா நாப்பது பேரும் மாட்டின மாதிரி. மழை வர்ற வரைக்கும் எல்லாரையும் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் துரத்திடலாம்."

பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அங்கே போன கன்று ஒரு வாரம்கூடத் தாங்காது.

"கல்லை எறிஞ்சது மருதியா?" என்று கேட்டாள் செம்பி.

"எவன் எறிஞ்சா என்ன? ஒருத்தனைத் தண்டிச்சா ஒரு கல்லு நிக்கும். நாப்பது பேரைத் தண்டிச்சா இனிமே எவனும் வழியில உட்காரவே மாட்டான். யோசிச்சுப் பாரு. போனது உன் புருஷனோட கண்ணு."

செம்பி கூர்ச்செவியனைப் பார்த்தாள்.

"மேலிடத்து உத்தரவு" என்றான் அவன். அவனுக்குத் தெரிந்த வார்த்தைகளில் அவனுக்கு மிகவும் பிடித்தவை அவைதான்.

செம்பியின் கண் முன்னால் அந்தப் புழுதியும் அலறலும் திரும்ப வந்தன. பாதையில் படுத்து எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது மருதிதானே என்று நினைத்தாள். அவள் மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

"சரி" என்று சொல்லிவிட்டாள்.

"கண்ணால பார்த்த சாட்சியும் ஒருத்தன் இருக்கான். தொங்கன் தானாவே வந்து, 'நாப்பது பேரும் எறிஞ்சாங்க, நான் மேலேருந்து பார்த்தேன்'னு சொல்றான். நல்ல பையன்" என்று நரி பாராட்டினான். வேடிக்கை பார்க்க வந்தவன் எதற்காகத் தானாகவே சாட்சி சொல்ல ஓடி வருகிறான் என்று அவன் கேட்கவில்லை. வழக்குக்குத் தோதாக இருந்தால் நரி எதையும் கேட்பதில்லை.

மறுநாள் காலை நீதிமன்றம் கூடியது. பெரிய புன்னைமரத்தின் கீழே நீதிபதி யானை வேழம்மை வந்து நின்றாள். அவள் அவசரப்பட்டதை இதுவரை யாரும் பார்த்ததில்லை. நாற்பது பேரும் நடுவில் உட்கார்த்தப்பட்டார்கள். அவர்களைச் சுற்றி, படையில் மிச்சமிருந்த அத்தனை செந்நாய்களும் இடைவெளி இல்லாமல் வளையம் கட்டி, முகத்தை உள்பக்கம் வைத்து நின்றன. சாட்சி தொங்கன் மரக்கிளையில் உட்கார்ந்து உடம்பைச் சொறிந்துகொண்டிருந்தான்.

மருதியின் கன்று அவள் வயிற்றில் முட்டி முட்டிப் பார்த்தது. பால் இல்லை. மருதி அதை நக்கினாள். செம்பி அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றாள்.

நரி முன்னே வந்தான். வெளியே எப்படிப் பேசினாலும் நீதிமன்றத்தில் அவன் பேச்சே வேறு.

"கனம் நீதிபதி அவர்களே! இவர்கள் தண்ணீர் கேட்க வந்தவர்கள் அல்லர். ஆளுக்கொரு கல்லோடு வந்தவர்கள். நாற்பது பேர், நாற்பது கற்கள். சம்பவம் நடந்த இடத்திலேயே கைப்பற்றினோம். இதோ!"

கல் குவியல் வெயிலில் பளபளத்தது. புல்வெளியைச் சுற்றி நின்ற கூட்டம் "அடேயப்பா!" என்றது. "பார்த்தீங்களா? நான் அப்பவே சொன்னேன்" என்றான் ஊசியன்.

"நாங்க கல்லே எடுக்கலை" என்றாள் மருதி. "வழியை மறிச்சோம். அது உண்மை. அதை நான் இல்லைன்னு சொல்லலை. கல்லை எடுக்கலை."

"பார்த்தீர்களா, பாதியை ஒப்புக்கொண்டுவிட்டாள்! மீதியை மூக்கு சொல்லும்" என்றான் நரி. "செம்பி, வா."

செம்பி நடந்தாள். முப்பது அடி தூரம் முந்நூறு அடியாக நீண்டது. குவியலை ஒரு தடவை முகர வேண்டும். திரும்பி மருதியிடம் போக வேண்டும். உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

குவியலின் மேல் குனிந்து மூச்சை இழுத்தாள்.

கற்களின் இடுக்கிலிருந்து, எங்கோ அடியிலிருந்து, கருவாலனின் ரத்த வாசனை வந்தது.

அந்தக் கல் இதற்குள்தான் இருக்கிறது. அதில் எறிந்தவனின் வாசனையும் இருக்கும். இப்போது மருதி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டால் வழக்கு முடிந்தது. அப்புறம் யாரும் அந்தக் கல்லை எடுத்துப் பார்க்க மாட்டார்கள். எறிந்தவன் சாகும்வரை நிம்மதியாகத் தூங்குவான்.

"என்ன செம்பி, மருதிகிட்ட போ" என்று நரி பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான்.

செம்பி நிமிர்ந்தாள். "தாயே, இது குவியல். குவியலை முகர்ந்து ஒருத்தரைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு கல்லா முகரணும்."

"அதற்கு நேரம் ஆகுமே! நீதிபதி அவர்களின் பொன்னான நேரம்..." என்று ஆரம்பித்தான் நரி.

"எனக்கு வேற வேலை இல்லை. முகரு" என்றாள் வேழம்மை.

செம்பி முதல் கல்லை மூக்கால் உருட்டித் தனியே தள்ளினாள். முகர்ந்தாள். திரும்பி நடந்தாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அவள் மருதியைத் தாண்டிப் போனாள். பன்றிகளைத் தாண்டிப் போனாள். நேராக நரியின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

நரி ஓரடி பின்வாங்கினான்.

இரண்டாவது கல். மறுபடி நரியின் முன்னால் உட்கார்ந்தாள். மூன்றாவதும் அப்படியே. நான்காவதற்குக் கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

"நான் தடயங்களைச் சேகரித்தவன்! என் வாசனை படத்தானே செய்யும்?" என்று கத்தினான் நரி.

"நியாயம்தான்" என்றாள் வேழம்மை. "நரியோட வாசனைக்குக் கீழ வேற என்ன இருக்கு, செம்பி?"

"ஆத்து மணல் வாசனை, தாயே. மடுவுக்குப் போற பாதை செம்மண். அங்க ஆத்து மணல் கிடையாது. இதெல்லாம் வத்திப்போன ஆத்துலேருந்து வாயில கவ்விக் கொண்டுவந்த கல்லு."

இப்போது எல்லோரும் நரியின் வீங்கிய தாடையைப் பார்த்தார்கள். நரி மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கூர்ச்செவியன் செம்பியின் காதருகே வந்தான். "இத்தோட நிறுத்து. இன்னொரு கல்லைத் தொட்டா நீ படையில இருக்கமாட்ட. உன்னையும் உன் குருட்டுப் புருஷனையும் காட்டைவிட்டே துரத்திடுவேன்."

படை இல்லாத செந்நாய் என்ன வேட்டையாடும்? ஒற்றைக் கண் கணவனுக்கு என்ன கொண்டுபோய்க் கொடுக்கும்? நிறுத்திவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் கருவாலனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். அதோடு, தன் மூக்குக்கே தெரிந்த ஒன்றை இல்லையென்று சொல்ல அவளுக்குப் பழக்கமில்லை.

"முகரும்போது நடுவுல பேசக் கூடாது, கூர்ச்செவியா" என்றாள் வேழம்மை. அவள் காதுகள் பெரியவை அல்லவா?

செம்பி தொடர்ந்தாள். கல் கல்லாக உருட்டினாள். வெயில் ஏறியது. கன்று முனகியது. இருபது போயிற்று, இருபத்தைந்து போயிற்று. எல்லாம் நரி, எல்லாம் ஆற்று மணல். இருபத்தாறாவது கல் வந்தது. அது மற்றவை போல வழவழப்பாக இல்லை. ஒரு முனை உடைந்து கூராக இருந்தது. அந்த முனையில் காய்ந்த கறை இருந்தது.

நடந்தது இதுதான், பிள்ளைகளே. பாதையில் கிடந்தது இந்த ஒரு கல்தான். ஒரு கல்லை வைத்துக்கொண்டு நாற்பது பேரை எப்படி மாட்டிவிடுவது? அதனால் நரி முப்பத்தொன்பது கற்களை ஆற்றிலிருந்து சுமந்து வந்தான். ரத்தக் கறை இருந்தால் பார்க்க எடுப்பாக இருக்குமே என்று நிஜக் கல்லையும் அவற்றோடு சேர்த்துவிட்டான்.

செம்பி கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். மேலே நரியின் எச்சில். அதற்குக் கீழே கருவாலனின் ரத்தம். அதற்கும் கீழே செம்மண். அந்தச் செம்மண்ணோடு பிசுபிசுப்பாக ஒட்டியிருந்தது அத்திப்பழச் சாறு. அந்தச் சாற்றில் ஐந்து விரல்கள் பதிந்திருந்தன.

அவள் நாற்பது பேரையும் பார்த்தாள். குளம்புகள் இருந்தன. பாதங்கள் இருந்தன. இறக்கைகள் இருந்தன. கல்லை எடுத்து வீசக்கூடிய கை ஒருவருக்கும் இல்லை. மூன்று நாளாக எல்லோர் கண் முன்னாலும் இருந்த விஷயம் இது. யாரும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை.

செம்பி மெல்லத் தலையை நிமிர்த்தி மரக்கிளையைப் பார்த்தாள்.

சொறிந்துகொண்டிருந்த தொங்கனின் கை நின்றது.

"நீயா?" என்றாள் செம்பி.

அடுத்த நொடி கிளை அதிர்ந்தது. ஒரே தாவலில் பக்கத்து மரம், அங்கிருந்து அதற்கடுத்த மரம். "பிடிங்க! பிடிங்க அவனை!" என்று கூர்ச்செவியன் அலறினான். யார் பிடிப்பது? மரத்தடியில் ஒரு காவலும் இல்லை. எல்லோரும் நாற்பது பேரைச் சுற்றி, மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். அவர்கள் திரும்புவதற்குள் மான்கள் பயந்து எழ, பன்றிகள் குறுக்கே ஓட, வளையம் குழம்பிப் போயிற்று.

செம்பி மட்டும் ஓடினாள். முள் கிழிக்க, நாக்குத் தள்ள, பள்ளத்தாக்கின் விளிம்புவரை ஓடினாள். தொங்கன் கொடியைப் பிடித்து ஊஞ்சலாடி அந்தப் பக்கப் பாறையில் போய் விழுந்தான். நான்கு கால் பிராணி எதுவும் தாவித் தாண்ட முடியாத பள்ளம் அது; சுற்றிப் போனால் ஒரு பகல் ஆகும், அதற்குள் அவன் எங்கோ போயிருப்பான். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செம்பி திரும்பி வந்தபோது வேழம்மை தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மருதி, உங்க நாப்பது பேருக்கும் இந்தக் கல்லுக்கும் சம்பந்தமில்லை. ஆனா வழியை மறிச்சது உண்மை. மூணு நாள் மறிச்சீங்க. அதுக்கு மூணு நாள் ஊசியன் வீட்டுக்கு நீங்கதான் தண்ணி சுமக்கணும்."

"சுமக்கிறோம் தாயே" என்றாள் மருதி. ஊசியன் முள்ளைச் சுருக்கிக்கொண்டான்.

"வேலி விஷயமா அரசர்கிட்ட நாளைக்கு நானே பேசறேன். நெடுநாவா, பொய்த் தடயம் கொண்டுவந்த நீ இனிமே இந்த மரத்தடிக்கு வரக் கூடாது. அந்த முயலோட காலை முறிச்சது யாரு?"

கூர்ச்செவியன் வானத்தைப் பார்த்தான்.

"நான்தான் தாயே" என்றாள் செம்பி, மூச்சு வாங்க.

"அதை நாளைக்கு விசாரிப்போம். நீ போயிட்டு நாளைக்கு வா" என்றாள் வேழம்மை.

மருதி கன்றைக் கூட்டிக்கொண்டு செம்பியைத் தாண்டிப் போனாள். நன்றி சொல்ல வாயெடுத்தவள், செம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் போய்விட்டாள்.

ஈச்சம்புதரில் கருவாலன் காலடிச் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தான். கட்டுப்போட்ட முகத்தைத் திருப்பி, மிச்சமிருந்த கண்ணால் அவளுக்குப் பின்னால் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை.

"யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க. தொங்கன்."

"எங்க அவன்?"

"ஓடிட்டான். பள்ளத்தாக்கைத் தாண்டிட்டான். இனிமே வரமாட்டான்."

கருவாலன் மறுபடி தலையைச் சாய்த்துப் படுத்தான்.

"ஏன் செம்பி, அங்க காவலுக்கு யாருமே இல்லையா?"

"எல்லாரும் இருந்தோங்க" என்றாள் செம்பி. "நாப்பது பேரைச் சுத்தி நின்னுக்கிட்டு இருந்தோம்."

நீதி: ஒருவன் எறிந்த கல்லுக்குக் கூட்டத்தையே குற்றவாளியாக்கினால், எறிந்த கை தப்பித்துக்கொள்ளும்.